ஒழுங்கைக்கு அங்காலை கிடந்த வெங்காயம்

முதல் துளி மலர் அக்காவின் முதுகில் விழுந்தது. குனிந்து மண்ணிலிருந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "ஆரடி உது, என்ரை முதுகிலை தண்ணி தெளிக்கிறது?" என்று கேட்டார். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். இரண்டாவது துளி செம்மண்ணில் விழுந்து புழுதியைக் கிளப்பியது. மூன்றாவது, என் கையிலிருந்த தேநீர்க் கேத்திலின் மூடியில் 'டங்' என்றது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"கம்பஸ் பெடியன் இண்டைக்கு வெயில் எண்டெல்லோ சொன்னவன்?" என்றார் மலர் அக்கா. இப்போது நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

பல்கலைக்கழகம் போய் வந்த நான்தான் அந்தக் கம்பஸ் பெடியன். வடக்கே சுன்னாகப் பக்கத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு முகில் எழும்பி எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் அது அங்கே இருக்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து சில நாட்கள். பின்னேரம் மூன்றரை, நாலு மணி இருக்கும். இணுவிலில் எங்கள் தோட்டத்து வெங்காயம், முதல் நாள் கிண்டியதும் அன்று கிண்டியதுமாக, பாத்தி பாத்தியாகக் காய்ந்துகொண்டிருந்தது. நடுவே ஓடுகிற சின்னப் பாதையான ஒழுங்கைக்கு அங்காலை, அயல் தோட்டத்துத் தவமணி அக்காவின் வெங்காயமும் அப்படியே கிடந்தது.

போன கிழமை இந்தப் பத்தியில், என் பட்டமளிப்பு விழாவுக்கு ஐயா போட்டு வந்த இரவல் சட்டையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிலர் அன்போடு விசாரித்தார்கள். இந்தக் கிழமை எழுதுவதைப் படித்தால் அப்படி விசாரிக்க மாட்டார்கள். பல தடவை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். இன்னும் தள்ளிப்போடக் களைப்பாக இருக்கிறது.

விதைக்கு வைப்பது

வெங்காயம் செய்யாத ஊர்க்காரருக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சித்திரையில் கிண்டுகிற வெங்காயத்தில் நல்லதைத் தெரிந்தெடுத்து விதைக்கு வைப்போம். தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, வீட்டுக் கூரையின் வளை மரத்தில் தொங்கவிட்டால் வைகாசி கழிய நடலாம். ஆனால் கட்டுவதற்கு முன் தாள் நன்றாகக் காய வேண்டும். அதற்கு மூன்று நாள் வெயில் போதும்.

காயை வெயில் சுடக்கூடாது என்பதற்காக, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி அடுக்குவார்கள். பார்க்கத் தலைவாரி விட்டது போலிருக்கும். மழை விழுந்தால் அதே தாள் ஈரச்சாக்காக மாறிக் காயைப் பொத்திப் பிடித்துக்கொள்ளும். அழுகல் கழுத்தில் தொடங்கி உள்ளே இறங்கும். வெளித்தோல் இரண்டு மூன்று நாளைக்குச் சிவப்பாக, நல்ல பிள்ளைபோல இருக்கும்.

தவமணி அக்கா கணவர் இல்லாமல் தனியே தோட்டம் செய்பவர். ஒரு தடவை வெளியிலிருந்து எடுத்த விதை பாதிக்கு மேல் முளைக்காமல் போனதிலிருந்து, சொந்த விதைதான் என்று பிடிவாதமாக நின்றார். மூன்று போகமாக, சூம்பியதையும் இரட்டைக் காயையும் கழித்துக் கழித்துச் சேர்த்த இனம் அது. இந்தச் சித்திரையில்தான் முதன்முதலாக அவருடைய தோட்டத் தறை முழுவதும் அந்த விதையில் விளைந்திருந்தது. அவ்வளவையும் அடுத்த போகத்துக்கு விதையாக வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"நிச்சயமோ, தம்பி?"

நான் புவியியல் படித்தவன். இப்போது ஒரு பாடசாலையில் அதையே படிப்பிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டில் நின்றேன்.

"தம்பி, உன்ரை போனிலை என்ன போடுது?" என்று, கிண்டுவதற்கு முந்திய நாள் ஐயா கேட்டார்.

"மூண்டு நாளும் வெயில், ஐயா. கிண்டலாம்."

ஐயா துவாயால் கழுத்தைத் துடைத்தார். "புழுக்கம் கூடவாய்க் கிடக்கு."

"சித்திரையிலை புழுக்கம் இருக்கத்தானே செய்யும்."

அவர் துவாயைத் தோளில் போட்டார். ஐயா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் பத்தாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்து, நான் ஒன்று சொன்னால் ஐயா வாதாடுவதை விட்டுவிட்டார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அவர் தவமணி அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பெடியன் சொல்லிப்போட்டான். மூண்டு நாளைக்கு மழை இல்லையாம்."

அக்கா வாளியை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "நிச்சயமோ, தம்பி? நாளையிண்டைக்கு வட்டுக்கோட்டையிலை செத்துப்போன மச்சாளின்ரை அந்தியேட்டிச் சடங்கு. நான் நிக்கமாட்டன். அதுதான் கேக்கிறன்."

"நிச்சயம், அக்கா. பயப்பிடாமல் போட்டு வாங்கோ."

கிண்டுகிற பெண்களை ஒரு நாளுக்குப் பிடித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. சித்திரையில் எல்லாத் தோட்டமும் அவர்களைத்தான் பார்த்திருக்கும். முதல் நாள் அக்காவின் தறையைக் கிண்டி முடித்து, எங்களுடையதில் தொடங்கி, இரண்டாம் நாளும் எங்களுடையதில் நின்றார்கள். அக்கா விடியப் பஸ் ஏறிப்போய்விட்டார்.

பால்மாப் பேணிகள்

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். நான் செய்தது தெரியாமல் செய்த பிழை இல்லை என்பதற்காக.

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கோடை மழை. எங்கள் குடாநாட்டுக்கு வடக்கே கடல், தெற்கே கடலேரி. வாடைக்காற்று நின்று, தென்மேற்கிலிருந்து வருகிற சோளகம் இன்னும் தொடங்காத நாட்களில், காலையில் வானம் கழுவிய பீங்கான்போலச் சுத்தமாக இருக்கும். வெயில் ஏற ஏற இரண்டு பக்கத்துக் கடற்காற்றும் உள்ளே வரும். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் முட்டி, மேலே எழும்பி, பின்னேரம் முகிலாகிக் கொட்டும். அது கொட்டுகிற இடம் ஒரு கிராம அளவுகூட இராது. கரையில் இருப்பவனுக்கு இடி மட்டும் கேட்கும்.

மழைமானி வாங்க வழியில்லாததால், ஒரே அளவான வெற்றுப் பால்மாத் தகரப் பேணிகளை ஐந்து இடங்களில் கட்டினேன். நான் விரிவுரைக்குப் போன நாட்களில் ஐயாதான் பார்ப்பார். அவருக்கு மில்லிமீற்றர் தெரியாது. குச்சியை விட்டுப் பார்த்து, நனைந்த அளவுக்கு மாட்டுக்கொட்டில் சுவரில் கரியால் கோடு கீறி வைப்பார். ஒவ்வொரு பேணிக்கும் ஒவ்வொரு பத்தி. அந்தச் சுவரைப் படமெடுத்து ஆய்வேட்டில் சேர்த்தபோது, என் விரிவுரையாளர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சித்திரை நாளில் எங்கள் கிணற்றடிப் பேணி பாதிக்கு நிரம்பியிருந்தது. கோயில் பின்வீதிப் பேணியில் புழுதி. ஐயா அன்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, பின்வீதியிலை கோடு கீற ஒண்டும் இல்லை. சும்மா விடவோ, வட்டம் போடவோ?"

"வட்டம் போடுங்கோ, ஐயா."

அந்த வட்டங்களை வைத்துத்தான் எனக்கு நல்ல பெறுபேறு வந்தது. கோடை மழையை ஒரு நகரத்துக்கான முன்னறிவிப்பால் சொல்ல முடியாது என்பதுதான் என் முடிவுரை. கைத்தொலைபேசி காட்டிய சூரியன், கடலேரிக் கரையில் இருக்கிற யாழ்ப்பாண நகரத்துக்கானது. இணுவில் நடுவில் இருக்கிறது. இதைப் பரீட்சையில் எழுதினேன், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். ஐயா கேட்டபோது திரையைப் பார்த்து "வெயில்" என்றேன்.

ஏன் என்று பல நாள் யோசித்தேன். அவர் என்னைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு தறப்பாள்

அந்த முதல் துளிகளுக்குப் பின்னால் காற்று வந்தது. பக்கத்து வாழைத் தோட்டத்தில் இலை கிழிகிற சத்தம். கொட்டிலுக்குள் இருந்து, மழைக்கு மூடுகிற தறப்பாளை இழுத்துக்கொண்டு ஐயா ஓடி வந்தார். எங்களிடம் இருந்தது ஒன்றுதான்.

ஒழுங்கையைப் பார்த்தபடி சொன்னார். "தம்பி, தவமணியின்ரை அங்காலை கிடக்கு. அவளும் இஞ்சை இல்லை."

"முதல் எங்கடையை முடிப்பம், ஐயா."

அவர் ஒழுங்கையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு தறப்பாளின் ஒரு தலைப்பை என்னிடம் தந்தார்.

பெண்கள் ஆறு பேரும் பனையோலைக் கடகங்களில் அள்ளிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினார்கள். மலர் அக்கா ஓடுகிற ஓட்டத்தில் கேட்டார். "நாங்கள் ரெண்டு பேர் அங்காலை போகட்டே?"

"இது முடியட்டும், அக்கா. கிட்டத்தட்ட முடிஞ்சுது."

அது முடிந்திருக்கவில்லை. முக்கால்வாசிதான் ஆகியிருந்தது. இரண்டு பேர் போயிருந்தால் எங்களுடையதில் நாலைந்து பாத்தி நனைந்திருக்கும். அக்காவின் தறையில் பாதியாவது மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை நான் அப்போதே மனதுக்குள் போட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மழை முக்கால் மணித்தியாலம் நின்று பெய்தது. கண்ணுக்கு எதிரே கையைப் பிடித்தால் தெரியாத மழை. நாங்கள் ஒழுங்கையைத் தாண்டியபோது, கிணற்றுத் தண்ணீரை மறிக்கக் கட்டிய வரம்புகள் மழைத் தண்ணீரையும் ஒழுங்காக மறித்து வைத்திருந்தன. பாத்திகள் சிவப்புத் தட்டங்கள்போல நிரம்பியிருந்தன. தலைவாரி அடுக்கிய தாள்கள் கலைந்து மிதந்தன.

ஐயா மண்வெட்டியால் வரம்பை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டார். நான் முழங்காலளவு சேற்றில் நின்று அள்ளினேன். மலர் அக்கா என் பக்கத்தில் வந்து அள்ளினார். 

மற்றப் பக்கங்களில்

அன்றைய தொலைபேசி அழைப்புகள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

வல்வெட்டித்துறைப் பக்கம் இருக்கிற ரூபன் என்னோடு படித்தவன், கடல் தொழில் செய்கிற குடும்பம். "இஞ்சை ஒரு துளியும் இல்லை, மச்சான். இடி மட்டும் சும்மா உறுக்கிப்போட்டுப் போட்டுது. கருவாடு சோக்காய்க் காயுது. உங்கடை மழையை உங்கையே வைச்சிரு, இஞ்சாலை அனுப்பிப்போடாதை."

சாவகச்சேரியில் இருந்து சின்னம்மா. "மழையெங்கை வந்தது? காத்து மட்டும் வந்து மாங்காயை எல்லாம் உதிர்த்துப்போட்டுது. முத்தாத காய். ஊறுகாய் போடுறதெண்டால் ஊருக்கே போடலாம். வந்து ஒரு பை கொண்டு போவன்."

வட்டுக்கோட்டையில் புல்லுக் கருகிக் கிடந்ததாம். மாடு வைத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கத்து முகிலைப் பார்த்துப் பார்த்து ஏங்கினார்களாம். அது தவமணி அக்கா பிறகு அம்மாவிடம் சொன்னது.

தவமணி அக்கா ஆறு மணியளவில் பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த நேரம் வெயில் மறுபடி எறித்தது, மஞ்சளாக, ஒன்றும் நடக்காததுபோல. கையில் அந்தியேட்டி வீட்டுப் பலகாரப் பை. அம்மா எதிரே போய் அதை வாங்கிக்கொண்டார். அக்கா எங்களைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த நல்ல சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு நேரே தறைக்குள் இறங்கினார்.

அன்று இரவு சாப்பாடு போடும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான். "தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உனக்கு நாக்குத் தேஞ்சு போமோ?"

வாசிகசாலையில் ஆறு நாள்

ஊரில் பெரிய மின்விசிறி நாலு உள்ள ஒரே இடம் வாசிகசாலை. நான் உயர்தரத்துக்குப் படித்ததும் அங்கேதான். மேசைகளை ஓரத்துக்குத் தள்ளி, இடப்பக்கம் எங்களுடையதையும் வலப்பக்கம் அக்காவுடையதையும் பரப்பினோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்ட வேண்டும்.

வழக்கமாகப் பேப்பர் பார்க்க வருகிற ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரர், வாசலில் நின்று கண்ணைக் கசக்கினார். "இவ்வளவு நாளும் பேப்பரை விரிச்சாப் பிறகுதான் கண்ணீர் வந்தது. இப்ப விரிக்க முதலே வருது."

"உள்ளுக்கு வாங்கோ, ஐயா. ஒரு வரிசையைப் பிரட்டிப்போட்டுப் படியுங்கோ," என்றார் மலர் அக்கா.

"நான் படிக்கத்தான் சந்தா குடுக்கிறனான், பிரட்ட இல்லை." சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஆறு நாளும் வந்தார்.

நாலாம் நாள் வலப்பக்கத்தில் மணம் கிளம்பியது. இனிப்பான ஒரு மணம், பழைய கள்ளின் வாடையோடு.  மின்விசிறியைக் கூட்டி வைத்தோம்.

தவமணி அக்கா சுவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு காயின் கழுத்தையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தால் ஒரு பக்கம், மெத்தென்று போனால் மறுபக்கம். விரலைச் சேலையில் துடைப்பார், அடுத்ததை எடுப்பார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் ஒரு குவியலைத் தள்ளிவிட்டார். நான் இறுக்கம் என்று வைத்ததில் பாதியை எடுத்து மறுபடி அமத்தி, மறுபக்கம் போட்டார்.

ஆறாம் நாள், இறுக்கமானவை ஒரு சின்னக் கடகத்துக்குள் அடங்கின. அதற்கடுத்த இரண்டு நாளில் அவையும் மெத்தென்று போயின. மூன்று போகமாகச் சேர்த்ததை எங்கள் ஊர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் குப்பைக் கிடங்கில் கொட்டினோம். அக்கா வரவில்லை.

எங்களுடையது பெரும்பாலும் தப்பிவிட்டது.

பாதி

எங்கள் வீட்டில் விதை கட்டுகிற நாள். அம்மா தாளைப் பின்ன, நான் எடுத்துக் கொடுக்க, ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"உதிலை பாதியைப் புறம்பாய்க் கட்டு."

அது தவமணி அக்காவுக்கு என்று அம்மாவுக்கு விளங்கியது. "பாதியோ? அப்ப நாங்கள் என்னத்தை நடுறது?"

"பாதித் தறையை நடுவம்."

"மிச்சம் பாதியிலை?"

"மிளகாய் போடுவம். இல்லாட்டில் சும்மா கிடக்கட்டும். மண்ணும் ஒருக்கால் ஆறட்டும்."

அம்மா முணுமுணுத்தார். ஆனால் கட்டினார், நல்ல காயாகப் பார்த்து. நான் கண்டேன், நல்லதெல்லாம் அந்தப் பாதிக்குள்தான் போனது.

"நீ கொண்டுபோய்க் குடு," என்றார் ஐயா.

"நீங்களும் வாங்கோவன்."

"நான் வந்தால் அவள் என்னோடை கதைப்பாள். நீ தனியப் போ."

தவமணி அக்கா மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வெளியே நின்றார். கடகங்களைக் கண்டதும் எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்ரூலைக் கொண்டுவந்து வளைக்குக் கீழே வைத்து ஏறினார். "தா," என்றார்.

நான் ஒவ்வொரு பிடியாக எடுத்துக் கொடுக்க, அவர் கட்டித் தொங்கவிட்டார். நாலைந்து பிடிக்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அக்கா, அண்டைக்கு முந்தியே வந்து அள்ளியிருக்கலாம். ஐயா சொன்னவர். மலர் அக்காவும் கேட்டவ. நான்தான் முதல் எங்கடையை முடிப்பம் எண்டனான்."

அவர் முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"மழை வராது எண்டு நீ சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லை, தம்பி. அது ஆருக்குத் தெரியும்? நானும்தானே நம்பிப் போனனான்." குரலில் சூடு இல்லை. "பஸ்ஸிலை வரேக்கை, மானிப்பாய் தாண்ட ரோட்டு கறுப்பாய்க் கிடந்தது. தார் போட்டிருக்கினம் எண்டு நினைச்சன். பேந்துதான் விளங்கினது, மழை எண்டு. நெஞ்சு திக்கெண்டது."

மேலே பார்த்தபடியே சொன்னார்.

"பேந்து நினைச்சன், அவையள் நிக்கினம்தானே, அள்ளியிருப்பினம் எண்டு. அப்பிடி நினைச்சாப் பிறகு ஒரு பயமும் இல்லை. பக்கத்திலை இருந்த மனுசியோடை பழமை கதைச்சுக்கொண்டு வந்தனான்."



அவர் கீழே கையை நீட்டினார். நான் அடுத்த பிடியை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கட்டிவிட்டு மறுபடி நீட்டினார். கடகங்கள் வெறுமையாகும் வரை நான் கொடுத்துக்கொண்டும் அவர் கட்டிக்கொண்டும் நின்றோம்.